கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்கு மாறுகிறீர்களா? வீடு பார்க்கும் முன்

முதலில் தீவா, பெருநிலமா என்று முடிவு செய்யுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். வேலை பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் என்றால் தீவில் இருப்பதுதான் நிம்மதி, ஆனால் வாடகை கையைக் கடிக்கும். கட்டுப்படியாகவில்லையா, பெருநிலத்தில் இருக்கும் செபராங் பிறை பக்கம் வாருங்கள்: பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம், நிபோங் திபால் எங்கும் நம்மவர்கள் இருக்கிறார்கள், தமிழ்ப்பள்ளிகளும் தீவைவிட இங்கேதான் அதிகம்.

வரைபடத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள். தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும், 1985-இல் திறந்த பழைய பாலம் 13.5 கிலோமீட்டர்தான், ஆனால் காலை ஏழரைக்கு, அதுவும் மழை நாளில், மோட்டார் சைக்கிள்கள் ஓரமாக நழுவிப் போக, நீங்கள் முன்னால் நிற்கும் காரின் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். பெருநிலத்தில் பத்து காவான் என்ற ஊரில் வீடு எடுத்தால் 2014-இல் வந்த இரண்டாம் பாலம் தீவின் பத்து மாவுங்கில் இறக்கிவிடும், அங்கிருந்து பாயான் லெப்பாஸ் பக்கம். எதற்கும் ஒரு திங்கட்கிழமை காலை ஓட்டிப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை போனால் எல்லா வீடும் பக்கத்தில்தான் இருக்கும்!

பிள்ளை முதலாம் ஆண்டு சேரப் போகிறதென்றால் பள்ளியை முடிவு செய்துவிட்டு வீடு தேடுங்கள். அப்புறம், 2017 நவம்பர் வெள்ளத்தில் அந்தத் தெருவில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று பக்கத்து வீட்டாரைக் கேளுங்கள், ஏஜெண்டை அல்ல.