வேலை இருக்கிற ஊரில் குடியிருக்க இடமில்லை: யாழ்ப்பாணத்தில் நாம் விடும் பிழைகள்

யாழ்ப்பாணத்தில் கடையோ சாப்பாட்டுக் கடையோ நடத்துகிறவரோடு பத்து நிமிடம் கதைத்தால் போதும், ஒரு முறைப்பாடு வந்துவிடும்: "வேலைக்கு ஆக்கள் இல்லை." சம்பளம் காணாது, பிள்ளைகள் வெளிநாடு போகிறார்கள் என்று காரணமும் சொல்வார். இரண்டும் உண்மைதான். ஆனால் வேலைக்கு வந்த ஆள் இரவு எங்கே படுக்கிறார் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் இருக்காது.

கொக்குவிலில் ஒரு வீட்டின் பின்பக்க அறை எனக்குத் தெரியும். முன்பு விறகும் தேங்காயும் போட்டு வைத்த கொட்டில். சீற் போட்டு, நிலத்துக்குச் சீமெந்து பூசி, அறையாக்கியிருக்கிறார்கள். பத்தடிக்குப் பத்தடி இருக்கும். கிளிநொச்சியிலிருந்தும் முல்லைத்தீவிலிருந்தும் வந்த நான்கு பிள்ளைகள் அதில் இருந்தார்கள். சமைக்கக் கூடாது, கேத்தில் மட்டும் வைத்துக்கொள்ளலாம். வீட்டுக்காரர் காலை ஐந்தரைக்கும் மாலை ஆறரைக்கும் மோட்டார் போடும்போது வாளிகளை நிரப்பிவிட வேண்டும். அவர்களில் புடவைக்கடையில் நின்ற பிள்ளைக்கு வேலை முடிய ஏழரை ஆகும். மாலைத் தண்ணீர் அவளுக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை. மற்றவர்கள் மிச்சம் விட்ட அரை வாளியில் முகம், கை கால் கழுவிவிட்டுப் படுப்பாள். ஐந்தாம் மாதம் ஊருக்குப் போனவள் திரும்பி வரவில்லை. மூன்று மாதம் வேலை பழக்கிய முதலாளிக்கு அவள் ஏன் போனாள் என்று இன்றைக்கும் தெரியாது.

தாதியர், ஆஸ்பத்திரிச் சிற்றூழியர், மாநகர சபைச் சுகாதாரத் தொழிலாளர், மேசன், பஸ் நடத்துனர், ஐ.டி. நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்த பிள்ளை, இவர்கள் எல்லோரும் ஒரு இடுக்கில் நிற்கிறார்கள். மாதச் சம்பளமோ நாள் சம்பளமோ வருவதால் இலவச வீட்டுத் திட்டத்தில் இடமில்லை. பட்டினத்தைச் சுற்றி ஒரு பரப்புக் காணி வாங்கவும் அந்தச் சம்பளம் காணாது. இவர்களுக்குக் கட்டுப்படியான வீட்டை வீதி, மின்சாரம், துறைமுகம் மாதிரி ஊர்ப் பொருளாதாரத்துக்குத் தேவையான ஒரு வசதியாகப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அப்படிப் பார்க்கத் தொடங்கினாலும் சில பிழைகள் காத்திருக்கின்றன.

மீள்குடியேற்ற அச்சையே திரும்பவும் பாவிப்பது

போருக்குப் பிறகு நமக்குப் பழக்கமான வீட்டுத் திட்டம் ஒன்றுதான். காணி இருப்பவரின் பெயர் பட்டியலில் வரும், பணம் தவணை தவணையாக வங்கிக்கு வரும், அவரே நின்று கட்டுவார். 2012இல் தொடங்கிய இந்திய வீட்டுத் திட்டத்தின் பெரும்பகுதி இப்படித்தான் நடந்தது. ஒரு வீட்டுக்கு 5,50,000 ரூபா. சொந்த வளவுக்குத் திரும்பி வந்த குடும்பத்துக்கு அது பொருத்தமான முறை, அதனால் எழும்பிய வீடுகளும் ஆயிரக்கணக்கில் நிற்கின்றன.

வேலைக்காக இடம் மாறி வந்தவருக்கு அந்த அச்சு பொருந்தாது. அவரிடம் காணி இல்லை. பலருக்குச் சொந்த வீடே இப்போதைக்குத் தேவையில்லை. மூன்று வருடம், ஐந்து வருடம் மரியாதையாக இருக்க ஒரு வாடகை வீடு போதும். "வாடகை வீடு" என்ற சொல்லே நம் திட்டங்களில் அபூர்வமாகத்தான் வருகிறது.

மலிவான காணி என்று தூரத்தில் கட்டுவது

காணி மலிவு என்றால் தூரம் என்று அர்த்தம். ஒரு சின்னக் கணக்குப் பாருங்கள். வேலைத்தலத்திலிருந்து 25 கிலோமீற்றரில் வீடு. போக வர 50. மாதம் 26 நாள் வேலை என்றால் 1,300 கிலோமீற்றர். லீற்றருக்கு 45 ஓடும் மோட்டார் சைக்கிளுக்கு 29 லீற்றர் பெற்றோல் வேண்டும். லீற்றர் 300 ரூபா என்று வைத்தாலும் 8,700 ரூபா. 2026 ஜனவரியிலிருந்து தேசியக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபா. அதில் கிட்டத்தட்டப் பத்தில் மூன்று பங்கு றோட்டிலேயே போய்விடுகிறது. வீட்டுச் செலவு வருமானத்தில் 30 வீதத்தைத் தாண்டக்கூடாது என்று பல நாடுகளில் ஒரு அளவுகோல் வைத்திருக்கிறார்கள். நம் ஆளுக்குப் பெற்றோலே அந்தளவைக் கிட்டத்தட்ட எட்டிவிட்டது. மோட்டார் சைக்கிளின் லீசிங் காசு இதில் சேரவில்லை.

அதனால் வாடகையையும் போக்குவரத்துச் செலவையும் எப்போதும் ஒன்றாகக் கூட்டிப் பார்க்க வேண்டும். காங்கேசன்துறை வரை றெயில் 2015 ஜனவரியில் திரும்ப வந்தது. கொக்குவில், கோண்டாவில், இணுவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை என்று வரிசையாக நிலையங்கள் உண்டு. ஒவ்வொன்றிலிருந்தும் கால்மணி நேரம் நடக்கும் தூரத்துக்குள் என்னென்ன காணி, என்னென்ன வீடு இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் தூரத்துக் காணியைப் பற்றிப் பேச வேண்டும். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்ற கேள்வியும் கட்டாயம். இரவு எட்டரைக்கு வேலை முடிகிற பிள்ளைக்கு ஏழு மணியோடு பஸ் நின்றுவிடும் ஊரில் வீடு கொடுத்துப் பயனில்லை.

கிணற்றை மறப்பது

இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் பிழையாகிப்போனால் பிறகு திருத்த முடியாத விஷயம் இது.

குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது. வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. மழைத் தண்ணீர் கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கித் தேங்குவதைத்தான் கிணற்றில் அள்ளுகிறோம். மண் படை மெல்லியது, அதனால் மேலே ஊற்றியது வடிகட்டப்படாமலே கீழே போய்விடும். தோட்டத்து உரமும் மலக்குழியும் சேர்ந்து பல கிணறுகளில் நைத்திரேற்றைக் கூட்டிவிட்டன. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கும் தண்ணீரில் அது கூடினால் குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் சக்தியை இழக்கும்.

ஒரு பரப்பு என்பது 10 பேர்ச். சதுரமாக வைத்தால் ஒரு பக்கம் 52 அடி வரும். கிணற்றுக்கும் மலக்குழிக்கும் 50 அடி இடைவெளி விட வேண்டும் என்று நம் மேசன்மாரே சொல்வார்கள். கிணற்றை ஒரு மூலையிலும் குழியை எதிர் மூலையிலும் வெட்டினால் உங்கள் வளவுக்குள் கணக்குச் சரி. பக்கத்து வளவுக்காரர் தன் குழியை உங்கள் கிணற்றோடு ஒட்டிய மூலையில் வெட்டினால்? ஒரு பரப்பில் நான்கு குடும்பத்துக்கு மாடி கட்டி, ஒரே குழியும் ஒரே கிணறும் வைத்தால்?

"வீடுகளைக் கூட்டாமல் விடுவோம்" என்று இதற்குப் பதில் சொல்லக் கூடாது. கூட்டமாகக் கட்டினால் கழிவுநீரைப் பொதுவாகச் சுத்திகரிக்கும் ஒரு சிறு தொகுதியும் சேர்த்துக் கட்ட வேண்டும், அதைப் பராமரிக்க மாதாந்தம் ஒரு தொகையை வாடகைக்குள்ளேயே போட வேண்டும். குடிநீர் குழாயில் வர வேண்டும். வடமராட்சி கிழக்கின் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராகச் சுத்திகரிக்கும் நிலையம் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. புதிய குடியிருப்புக்கு இடம் தேடும்போது அந்தக் குழாய் எந்த வீதியால் போகிறது என்பதை முதலில் பார்க்கலாம். அடுக்குமாடி என்றால் லிப்டையும் பெயின்ரையும் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள், மலக்குழி எங்கே என்று கேட்க ஆளில்லை.

பூட்டிய வீடுகளை எண்ணாமல் விடுவது

என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் பெரிய பிழை இதுதான். எந்த ஒழுங்கைக்குள் போனாலும் பூட்டுத் தொங்கும் படலை ஒன்றாவது கண்ணில் படும். உரிமையாளர் ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருப்பார். திருவிழாவுக்கு இரண்டு கிழமை வந்து போவார். மிச்ச நாளெல்லாம் ஒருவர் வந்து முற்றம் கூட்டி, லைற் போட்டுவிட்டுப் போவார். அதே ஒழுங்கையின் மறுமுனையில் நான்கு பேர் ஒரு கொட்டிலில் படுக்கிறார்கள்.

வீட்டைக் கொடுக்காததற்கு உரிமையாளரைத் திட்டிப் பயனில்லை. அவருக்குப் பயம் இருக்கிறது. "பத்து வருஷம் இருந்தால் வீடு அவனுக்குப் போய்விடும்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். பத்து வருட ஆட்சி உரிமை என்பது சட்டத்தில் உண்டுதான். ஆனால் அது உரிமையாளருக்கு எதிராக, அவர் அனுமதியில்லாமல் இருப்பவர் கோருவது. எழுத்தில் வாடகை ஒப்பந்தம் செய்து, மாதாமாதம் பற்றுச்சீட்டு வாங்கி இருப்பவர் உரிமையாளரை ஏற்றுக்கொண்டுதான் இருக்கிறார். வாய்ப் பேச்சில் கொடுப்பதுதான் ஆபத்து. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன் எழுதப்பட வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டிலிருந்தே சட்டம். அந்தச் செலவை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் பலர் வழக்கில் மாட்டுகிறார்கள்.

அப்புறம் உறுதி யார் பெயரில் என்ற சிக்கல். சீதனமாகப் பிள்ளைக்கு எழுதியது, தாய் தகப்பன் இறந்த பிறகு பிரிக்காமல் ஐந்து பேருக்குப் பொதுவாகக் கிடப்பது என்று பல விதம். யாழ்ப்பாணத் தமிழரின் மரபுச் சட்டமான தேசவழமைப்படி பங்காளிகளுக்குத் தெரியாமல் ஒருவர் தன் பங்கை வெளியாருக்கு விற்றால், பங்காளி முன்வாங்கும் உரிமையைக் கேட்டு வழக்குப் போடலாம். ஆகவே எடுத்த எடுப்பில் விலைக்கு வாங்கப் போகாமல், ஐந்து வருடக் குத்தகையில் தொடங்குவது இலகு. ஒரு கூட்டுறவுச் சங்கமோ பிரதேச சபையோ நடுவில் நின்று, உரிமையாளரின் அற்றோணித் தத்துவக்காரரோடு ஒப்பந்தம் எழுதி, திருத்தி, வேலை செய்பவர்களுக்கு வாடகைக்குக் கொடுக்கலாம். வாடகை தவறினாலும் சங்கம் கட்டும், ஆவணியில் உரிமையாளர் வந்தால் தங்க ஒரு அறை ஒதுக்கியிருக்கும் என்று இரண்டு உறுதிமொழி கொடுத்தால் சம்மதிக்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் பேசிப் பார்த்திருக்கிறேன். காசைவிட அவர்களுக்கு, வீடு திரும்பவும் கையில் கிடைக்கும் என்ற நிச்சயம்தான் வேண்டும்.

"எந்த ஆக்கள்?" என்ற கேள்வியைக் கேட்க விடுவது

வீடு தேடிப் போன யாருக்கும் இந்தக் கேள்வி தெரியும். எந்த ஊர், யாருடைய பிள்ளை என்று சுற்றிவந்து கடைசியில் சாதியில் நிற்கும். பட்டினத்தைத் துப்பரவாக வைத்திருக்கும் தொழிலாளிக்குச் சம்பளச் சீட்டு இருக்கும், பிணையும் இருக்கும், ஆனாலும் வீடு கிடைக்காது. பொதுப் பணம் ஒரு ரூபா சேர்ந்தாலும், யாருக்கு வீடு என்பதை எழுதப்பட்ட விதிப்படி வரிசை முறையில் தீர்க்க வேண்டும். உரிமையாளரின் விருப்பத்துக்கு விட்டால் தேவை அதிகம் உள்ளவரே வெளியே நிற்பார்.

வேலையோடு வீட்டைக் கட்டிப்போடுவது

தொழிற்சாலையே விடுதி கட்டிக் கொடுக்கட்டும் என்பது நல்ல யோசனையாகத் தெரியும். மலையகத்து லயன் அறைகளை நினைத்துப் பாருங்கள். தோட்டத்தில் வேலை இருக்கும் வரைதான் கூரை. தலைமுறை தலைமுறையாக அந்த மக்களைக் கட்டிப்போட்டதில் அதற்கும் பங்கு உண்டு. முதலாளி பணம் போடட்டும், நிலம் கொடுக்கட்டும். குடியிருப்பு ஒப்பந்தம் மட்டும் வேறொரு அமைப்போடு இருக்க வேண்டும். வேலை போன அன்றைக்கே வீடும் போகக் கூடாது.

கட்டும் காசை ஊருக்கு வெளியே அனுப்புவது

வடக்குக் கிழக்குக்கு 65,000 இரும்பு வீடுகள் என்று ஒரு திட்டம் 2016 அளவில் வந்தது நினைவிருக்கும். ஒரு வீட்டுக்கு ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா. அந்தக் காசுக்குக் கல்வீடு இரண்டு கட்டலாம் என்று இங்கே எதிர்ப்பு எழுந்தது. வெயிலுக்கு உகந்ததா, பிறகு அறை கூட்டிக் கட்டலாமா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விகள். எனக்கு அதில் பட்ட இன்னொரு விஷயம், கல்வீட்டில் மேசன், தச்சன், கல்லறுக்கிறவர், லாண்ட்மாஸ்ரர்காரர், மதியச் சாப்பாடு கொடுக்கும் அம்மா என்று காசு ஊருக்குள்ளேயே நாலு கை மாறும். பொருத்தி வைக்கும் வீட்டில் அது கப்பலோடு போய்விடும். வீடு பொருளாதாரத்தை வளர்க்கும் என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கை முதலில் போட வேண்டும். 2022இல் சீமெந்துப் பை 3,000 ரூபாவைத் தொட்டபோது எத்தனை மேசன்மார் கை கட்டி இருந்தார்கள் என்பதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

காணியையும் சேர்த்து விற்றுவிடுவது

மலிவாகக் கட்டி மலிவாக விற்றால், ஐந்தாவது வருடம் அது சந்தை விலைக்குக் கைமாறும். அடுத்து வருகிற தாதிக்குத் திரும்பவும் ஒன்றுமில்லை. காணியைப் பொது அமைப்பு வைத்துக்கொண்டு வீட்டை மட்டும் நீண்ட குத்தகையில் கொடுக்கும் முறை அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் 1969இல் கறுப்பின விவசாயிகளுக்காகத் தொடங்கியது. நமக்கு அது புதிதே அல்ல. கோயில் காணியில் குத்தகைக்கு வீடு கட்டி இருப்பவர்கள் எத்தனை பேர்! கோயில்களும் தேவாலயங்களும் இரண்டு மூன்று பரப்பை இப்படி ஒதுக்க முன்வந்தால், கணக்கிலே பெரிய செலவான காணி விலை கழிந்துவிடும்.

வங்கிக் கடனை நம்பித் திட்டம் போடுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) இருக்கும் ஊழியர் அந்த மீதியை ஈடாக வைத்து வீட்டுக் கடன் எடுக்கலாம். நாள் சம்பளத்துக்குப் போகும் மேசனுக்கு ஈ.பி.எப். கிடையாது, சம்பளச் சீட்டும் கிடையாது. அவர் மாதம் தவறாமல் சீட்டுக் கட்டிய கொப்பி இருக்கும். அதையும் ஒரு அத்தாட்சியாக ஏற்கும் கூட்டுறவு இல்லாவிட்டால் அந்த வீட்டில் அவர் குடியேற முடியாது.

தொடங்க நினைப்பவர்கள் பெரிய திட்ட அறிக்கைக்குக் காத்திருக்கத் தேவையில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிராம சேவையாளர் பிரிவு ஒன்றை எடுத்து, சைக்கிளில் ஒழுங்கை ஒழுங்கையாகப் போங்கள். ஒரு கொப்பியின் ஒரு பக்கத்தில் பூட்டிய வீடுகள், கிணறு இருக்கிறதா, குழாய் வந்திருக்கிறதா, றெயில் நிலையத்துக்கு எவ்வளவு தூரம். மறுபக்கத்தில் அந்தப் பிரிவில் வேலைக்கு வருபவர்கள், எங்கிருந்து வருகிறார்கள், எத்தனை மணிக்கு வேலை முடிகிறது. புடவைக்கடைப் பிள்ளையின் பெயர் அந்தப் பக்கத்தில் இருந்திருந்தால், மோட்டார் போடும் நேரத்தை ஒன்றரை மணித்தியாலம் தள்ளச் சொல்லியாவது கேட்டிருக்கலாம்.