பழவேற்காடு ஏரிப் பக்கம் திரும்பலாமா, நேரே போகலாமா?

சென்னையிலிருந்து நெல்லூருக்கு தேசிய நெடுஞ்சாலை 16-இல் போகும்போது, ஆரம்பாக்கம், தடா தாண்டி சூளூர்ப்பேட்டையில் இந்தக் கேள்வி வரும். அங்கிருந்து கிழக்கே ஸ்ரீஹரிகோட்டா சாலை ஏரியின் நடுவே ஓடுகிறது. ஆனால் அது மாற்றுவழி அல்ல. விண்வெளி மையத்தின் வாசலோடு முடிந்துவிடும். அனுமதி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். போக வர சுமார் 36 கிலோமீட்டர். நின்று பார்க்க ஒன்றரை மணி நேரமாவது கையில் இருந்தால் மட்டும் திரும்புங்கள்.

மாதம்தான் முக்கியம். வடகிழக்குப் பருவமழைக்குப் பின், டிசம்பர் முதல் பிப்ரவரி வரை தண்ணீரும் பூநாரைகளும் இருக்கும். மே மாதம் போனால் வெடித்த உப்புச் சேறுதான். அதற்கு நெடுஞ்சாலையே மேல்.

காலையில் கிழக்கே ஓட்டும்போது வெயில் நேரே கண்ணில் அடிக்கும், முன்கண்ணாடியைத் துடைத்துக்கொள்ளுங்கள். மாலையில் திரும்பும்போதும் இதே தொல்லைதான். படமெடுக்க வண்டியைச் சாலையோர மண்ணில் இறக்காதீர்கள்: மேலே காய்ந்திருக்கும், அடியில் களிமண், சக்கரம் புதைந்துவிடும். அடகானித்திப்பா போன்ற மேட்டு நிலத்தில் நிறுத்துங்கள். ராக்கெட் ஏவும் நாளில் இந்தப் பக்கமே வேண்டாம், நெரிசல்.

நேரமில்லையா? சூளூர்ப்பேட்டைக்கு வடக்கே சுமார் 20 கிலோமீட்டரில், நெடுஞ்சாலையை ஒட்டியே நேலப்பட்டு சரணாலயம். கூழைக்கடாக்களை அங்கேயே பார்த்துவிடலாம்.