சேலத்திலிருந்து பேரப்பிள்ளைகளோடு கப்பல் பயணம்: கரையிலேயே நடந்துவிடும் தவறுகள்

பள்ளிக்கூடம் விட்டாச்சு, மகனுக்கும் மருமகளுக்கும் லீவு கிடைக்கவில்லை, பிள்ளைகளை நாங்களே கப்பலில் கூட்டிப்போகிறோம் என்று கிளம்பும் தாத்தா பாட்டிகள் சேலத்தில் இப்போது நிறையப் பேர். சென்னை, கொச்சி, மும்பையில் ஏறுகிறவர்களும் உண்டு, சிங்கப்பூர் வரை பறந்துபோய் ஏறுகிறவர்களும் உண்டு. இந்தப் பயணம் கெட்டுப்போனால் பழியைக் கடல்மேல் போடுவார்கள். பெரும்பாலும் கோளாறு அஸ்தம்பட்டியிலோ அம்மாபேட்டையிலோ வீட்டுக் கூடத்திலேயே நடந்திருக்கும். அப்பா அம்மா கூட வராதபோது அவர்கள் இடத்தில் நீங்கள் நிற்கிறீர்கள் என்பதைக் காகிதத்தில் காட்டவும் வேண்டும், உடம்பால் தாங்கவும் வேண்டும்.

இனிஷியல் சொல்லாத உறவு

முதல் தவறு, "எங்க பேரன்தானே, யார் கேட்கப்போறாங்க" என்பது. கேட்பார்கள். நம் வழக்கப்படி பிள்ளையின் பெயருக்குப் பின்னால் இருப்பது அப்பா பெயர். தாத்தா பெயர் பிள்ளையின் பாஸ்போர்ட்டில் எங்கும் வராது. அப்பா வழித் தாத்தா என்றால் மகனின் பாஸ்போர்ட் நகலைக் காட்டி உறவை நிறுவிவிடலாம். அம்மா வழிப் பாட்டி தாத்தாவான அம்மாயியும் அப்புச்சியும் கூட்டிப்போனால்தான் சங்கிலி அறுந்துபோகிறது. கல்யாணத்துக்குப் பிறகு மகள் தன் ஆவணங்களில் கணவர் பெயரைச் சேர்த்திருப்பாள், அப்பா பெயர் போயிருக்கும். அப்போது இரண்டு காகிதம் தேவை: தாய் பெயர் உள்ள குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், தந்தை பெயர் உள்ள மகளின் பழைய பள்ளி மாற்றுச் சான்றிதழ் அல்லது பிறப்புச் சான்றிதழ். பீரோவில் தேட ஒரு வாரம் ஆகும், கிளம்பும் அன்றைக்கு வைத்துக்கொள்ள வேண்டாம்.

இதோடு பெற்றோர் இருவரும் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம். ஒருவர் மட்டும் போட்டால் போதும் என்று நினைப்பது அடுத்த தவறு. கடிதத்தில் வர வேண்டியவை: பாஸ்போர்ட்டிலோ ஆதாரிலோ உள்ள எழுத்து மாறாமல் பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, ஆவண எண்; கூட்டிப்போகிறவர்களின் பெயர், உறவு; கப்பலின் பெயர், ஏறும் இறங்கும் தேதிகள், தொடும் துறைமுகங்கள்; பெற்றோரின் கைபேசி எண்கள். எல்லோரும் விட்டுவிடும் வரி ஒன்று உண்டு: அவசரச் சிகிச்சைக்கும், தேவைப்பட்டால் அறுவை சிகிச்சைக்கும் சம்மதம் தர தாத்தா பாட்டிக்கு அதிகாரம் அளிக்கிறோம் என்பது. பிள்ளை கை முறித்துக்கொண்டால் எந்த ஊர் ஆஸ்பத்திரியிலும் முதலில் கேட்கப்படுவது அந்த வரிதான். நீர்ச்சறுக்கு, சுவர் ஏறுதல் போன்றவற்றுக்குக் கப்பலில் நீட்டும் படிவங்களில் கையெழுத்திடும் அனுமதியையும் சேர்த்துவிடுங்கள். வெளிநாட்டுத் துறைமுகம் இருந்தால் கடிதம் ஆங்கிலத்தில் இருக்கட்டும். நோட்டரியிடம் சான்றொப்பம் வாங்கி, அசல் இரண்டு வைத்துக்கொண்டு, தாத்தா பையில் ஒன்று, பாட்டி பையில் ஒன்று. பெற்றோரில் ஒருவர் இல்லையென்றால் இறப்புச் சான்றிதழ் நகல். பிரிந்திருந்தால் பிள்ளை யார் பொறுப்பில் என்ற நீதிமன்ற உத்தரவின் நகல்.

பாஸ்போர்ட் விஷயத்தில் பெரியவர்கள் ஏமாறும் இடம் ஒன்று. நமக்கு 10 வருஷம் செல்லும், பிள்ளைகளுக்கு 5 வருஷம்தான். "போன தடவைதானே எடுத்தோம்" என்று நினைத்திருக்கையில் அது காலாவதியாகியிருக்கும். பயணம் முடியும் நாளிலிருந்து இன்னும் 6 மாதம் செல்லுபடி இருக்கிறதா பாருங்கள். சிங்கப்பூரில் ஏறி, மலேசியாவையோ தாய்லாந்தையோ தொட்டு, மறுபடி சிங்கப்பூரிலேயே இறங்கும் பயணத்துக்கு ஒருமுறை நுழையும் விசா போதாது. இரண்டாவது தடவை நுழைவதற்கும் கணக்கு வேண்டும். (பிள்ளையின் பையில் பபிள் கம் இருந்தால் எடுத்துவிடுங்கள், சிங்கப்பூருக்குள் அதைக் கொண்டுபோகக் கூடாது.) உள்நாட்டுப் பயணம் என்றால் ஆதார். 5 வயசிலும் 15 வயசிலும் கைரேகையும் கருவிழியும் புதுப்பிக்க வேண்டும், இதைப் பல வீடுகளில் மறந்தே போயிருப்பார்கள்.

ஏற்காட்டில் ஒத்திகை பார்க்காமல் போவது

சேலத்துக்காரர்களுக்கு வாய்த்த வசதி இது, ஆனால் யாரும் பயன்படுத்துவதில்லை. அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை 20 கொண்டை ஊசி வளைவு. பிள்ளையைப் பின் சீட்டில் உட்காரவைத்து ஒருமுறை ஏறிப் பாருங்கள். காரில் வாந்தி எடுக்கிற பிள்ளைக்குக் கப்பலிலும் தலைசுற்றல் வர வாய்ப்பு அதிகம், இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். உடம்பு ஆடுகிறது என்று உள்காது சொல்கிறது, எதிரே இருக்கும் சீட்டோ சுவரோ ஆடவில்லை என்று கண் சொல்கிறது. 2 வயசு முதல் 12 வயசு வரைதான் இந்தத் தொந்தரவு அதிகம்.

ஏறிய அன்றே இறங்கிவிடாதீர்கள். ஒரு ராத்திரி தங்குங்கள். பகலெல்லாம் ஏரியில் படகு, லேடீஸ் சீட் என்று சந்தோஷமாகத் திரிந்த பிள்ளை, விளக்கணைத்ததும் அம்மா வேண்டும் என்று அழுதால் அது மலையிலேயே தெரிந்துவிட வேண்டும். ராத்திரி 11 மணிக்கு மகனைக் காரில் வரச்சொல்லலாம். நடுக்கடலில் அது நடக்காது. படகில் மிதவைச் சட்டை போட்டுக்கொள்ள அடம்பிடிக்கிறதா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். ஒரு ராத்திரி தாங்காத பிள்ளைக்கு 5 ராத்திரிப் பயணம் போடாதீர்கள், 2 ராத்திரியோடு தொடங்குங்கள்.

பருவமும் முக்கியம். ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக்கடல் கொந்தளிக்கும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்காள விரிகுடாவில் புயல் காலம். மே மாதம் முழுசாகப் பாதுகாப்பு என்றும் சொல்வதற்கில்லை, 2021இல் டவ்தே புயல் அரபிக்கடலில் வந்தது மே மாதத்தில்தான். மலிவாகக் கிடைக்கிறதே என்று பருவமழைக் காலத்து டிக்கெட்டைப் பிள்ளைகளுக்கு எடுக்க வேண்டாம்.

மருந்துப் பை

அதிகம் பயப்பட வேண்டிய இடம் இதுதான். குழந்தைகளுக்கான பாரசிட்டமால் சிரப் நம் கடைகளில் இரண்டு வீரியத்தில் கிடைக்கிறது: 5 மில்லியில் 120 அல்லது 125 மில்லிகிராம், 5 மில்லியில் 250 மில்லிகிராம். பாட்டில் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஒரு வேளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வரை என்பது வழக்கமான கணக்கு. 16 கிலோ பிள்ளைக்கு 240 மில்லிகிராம். அது 120 சிரப்பில் 10 மில்லி, 250 சிரப்பில் 5 மில்லிக்கும் சற்றுக் குறைவு. வீட்டில் மருமகள் 10 மில்லி கொடுத்ததைப் பார்த்த பாட்டி, வழியில் வாங்கிய 250 பாட்டிலிலிருந்து அதே 10 மில்லியைக் கொடுத்தால் மருந்து இரட்டிப்பாகிவிடும். எனவே பிள்ளையை எடை பார்த்து, குழந்தை டாக்டரிடம் அளவை எழுதி வாங்கி, வீட்டில் பயன்படுத்தும் அதே பாட்டிலை, அதன் அளவு மூடியோடு எடுத்துப்போங்கள். சமையல் கரண்டி வேண்டாம்.

வாந்திக்கு அவோமின் வாங்கிப் போவது வழக்கம். அதிலிருக்கும் புரோமெத்தசின் 2 வயசுக்குக் கீழே கொடுக்கக் கூடாத மருந்து. தலைசுற்றல் தொடங்கிய பிறகு கொடுத்தால் பெரிய பலன் இல்லை, ஒரு மணி நேரம் முன்பே உள்ளே போயிருக்க வேண்டும். தூக்கம் வரும். புரோஸ்டேட் தொந்தரவோ கண் அழுத்தமோ உள்ள தாத்தா, டாக்டரைக் கேட்காமல் பேரனோடு சேர்த்துத் தானும் ஒன்றைப் போட்டுக்கொள்ளக் கூடாது. சிறுநீர் அடைத்துக்கொள்ளும்.

தாத்தாவின் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் பயண நாட்களுக்கு மேல் 3 நாளைக்குக் கூடுதலாக, மருந்துச் சீட்டோடு, கைப்பையில். துறைமுகத்தில் ஒப்படைக்கும் பெரிய பெட்டி அறை வாசலுக்கு வந்து சேர சாயங்காலம் ஆகிவிடும். பிள்ளையின் நீச்சல் உடையையும் கைப்பையிலேயே வையுங்கள், இல்லாவிட்டால் மத்தியானம் முழுக்கக் குளத்தைப் பார்த்து அழுகைதான்.

அறையும் கிளம்புவதும்

உயரத்தில் பால்கனி அறை என்று ஆசைப்படுவார்கள். ஆட்டம் குறைவாகத் தெரிவது கப்பலின் நடுவில், கீழ் அடுக்குகளில். சுவரிலிருந்து இறக்கும் மேல் படுக்கையில் 6 வயசுக்கு உட்பட்ட பிள்ளையைப் படுக்கவைக்காதீர்கள். பால்கனி எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் நாற்காலிகளைக் கம்பியை ஒட்டிப் போடாதீர்கள். பிள்ளை அதன்மேல் ஏறித்தான் எட்டிப் பார்க்கும். நாலு பேருக்கு இரண்டு அறை எடுத்தால் ஒவ்வொன்றிலும் ஒரு பெரியவர் பெயர் இருக்க வேண்டும்.

சேலத்திலிருந்து சென்னை 340 கிலோமீட்டர். கப்பல் கிளம்பும் நாள் காலையில் காரில் புறப்படுவது வேண்டாத துணிச்சல். கப்பல் நேரத்துக்கு வெகு முன்பே ஏறும் வாசல் மூடிவிடும், தாமதமாக வருகிறவருக்குப் பணமும் திரும்பாது. முந்தின நாளே போய்ச் சேர்ந்துவிடுங்கள். மின்சாரக் கெட்டில், இஸ்திரிப் பெட்டியைப் பரிசோதனையில் எடுத்து வைத்துக்கொள்வார்கள், சமைத்த சாப்பாட்டையும் பொதுவாக உள்ளே விடுவதில்லை. தட்டுவடை பிரிக்காத பாக்கெட்டாக இருந்தால் ஒருவேளை பிழைக்கும்.

ஏறிய பிறகு

அவசரகாலப் பயிற்சிக்குக் கூப்பிடும்போது "நீங்க போங்க, குழந்தை தூங்குது" என்று அறையிலேயே இருந்துவிடக் கூடாது. எந்த இடத்தில் கூட வேண்டும் என்பதைக் கால் நடந்து பழக வேண்டும். சின்ன அளவு மிதவைச் சட்டை அறையில் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அறைப் பணியாளரிடம் அப்போதே கேளுங்கள்.

கிணற்றில் குதித்து நீச்சல் பழகிய பையன் என்ற தைரியமும் வேண்டாம். பல கப்பல்களில் குளத்தருகே காவலுக்கு ஆள் இருப்பதில்லை. டயப்பர் போட்ட குழந்தைகளைப் பெரும்பாலும் குளத்தில் விடமாட்டார்கள், கால்களை நனைக்கத் தனி இடம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

கைகழுவும் ஜெல்லைத் தடவிவிட்டு பஃபே வரிசையில் நிறுத்தாதீர்கள். கப்பல்களில் வாந்தி பேதி பரப்பும் நோரோ வைரஸுக்கு அது சரிவரப் பலிக்காது. சோப்பு, தண்ணீர், 20 விநாடி.

நடுக்கடலில் போன் கப்பலின் செயற்கைக்கோள் வலையமைப்பில் தானாகச் சேர்ந்துகொண்டால் பில் எகிறும். ஏறியதும் ஏரோபிளேன் மோடு. பிள்ளையிடம் போன் இருந்தால் அதிலும். எனவே தொலைந்தால் போன் பேசலாம் என்பது இங்கே செல்லாது: நின்ற இடத்திலேயே நில், சீருடை போட்டவரிடம் கப்பலில் ஏறும்போது தந்த உன் கார்டைக் காட்டு என்று சொல்லிக்கொடுங்கள். அந்தக் கார்டில்தான் ஐஸ்கிரீமும் விளையாட்டும் உங்கள் கணக்கில் ஏறுகின்றன. செலவுக்கு வரம்பு வைக்க வரவேற்பு மேசையில் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இறங்குவதற்கு முந்தின ராத்திரி பெட்டிகளைக் கட்டி வாசலில் வைக்கச் சொல்வார்கள். மறுநாள் போடும் சட்டை, செருப்பு, பாஸ்போர்ட், காலை மாத்திரை இவற்றை வெளியே எடுத்து வைத்த பிறகு பெட்டியைப் பூட்டுங்கள். காலையில் இரவு உடையோடும் வெறுங்காலோடும் துறைமுகத்தில் இறங்கும் பேரப்பிள்ளை ஒவ்வொரு பயணத்திலும் ஒன்றாவது இருக்கும்.