ஸ்டார்டு ராபின் பாக்கப் போறீங்களா, ஸ்டாரத் தேடாதீங்க

ஒயிட் ஸ்டார்டு ராபின், கென்யா உகாண்டா பக்கத்துல இருந்து தென்னாப்பிரிக்கா வரைக்கும் மலைக்காட்டுல இருக்குற சின்னப் பறவை. 15 செ.மீ. தேறும், தல நீலங்கலந்த சாம்பல், வயிறு நல்ல மஞ்சள். பேர்லயே ஸ்டார் இருக்கேன்னு எல்லாரும் பைனாகுலர்ல அந்த வெள்ளப் புள்ளியவே தேடுறாங்க பாருங்க, அங்கதான் கோட்டை விடுறாங்க. கண்ணுக்கு முன்னாடி பக்கத்துக்கு ஒண்ணு, தொண்டைக்குக் கீழ ஒண்ணு, இருக்கு, இல்லேங்கல, ஆனா சும்மா உக்காந்திருக்கும்போது பாதி நேரம் எறகு மூடிக்கும், மிரண்டாலோ இன்னொரு பறவையோட மல்லுக்கு நின்னாலோதான் பளிச்சுன்னு தெரியும். வாலப் பாருங்க. கருப்பு வால்ல ரெண்டு பக்கமும் மஞ்சள் ஜன்னல் வச்ச மாதிரி இருக்கும், பறக்கும்போது இருட்டுல டக்குன்னு ஒரு மஞ்சள் கீத்து, அவ்ளோதான், ஆளக் காணோம்.

அப்புறம் இந்த கழுத்து வலிக்க மரத்து உச்சியவே பாக்குறது. இது கீழயே திரியுற ஆளு, புதர்லயும் தரையிலயும் பூச்சி பொறுக்கும், நடுவுல கொஞ்சம் பழமும் தின்னும்.

உடம்பெல்லாம் புள்ளியா ஒண்ணு வந்தா வேற பறவைன்னு நோட்ல எழுதிடாதீங்க, அது இதோட குஞ்சு. பல இடத்துல அது நேரா பெரிய பறவையா மாறாது, நடுவுல பச்சையும் மஞ்சளுமா இன்னொரு வேஷம் வேற போடும், நல்லா அனுபவம் இருக்குறவங்களே இதுல வழுக்குவாங்க.

தென்னாப்பிரிக்கால குளிர்காலம்னா ஜூன், ஜூலை. அப்போ மலை மேல போயி தேடிட்டு ஒண்ணுமே இல்லன்னு பொலம்பாதீங்க, நெறைய பறவை கீழ எறங்கிருக்கும்.

சஃபாரி எறும்பு, சுவாஹிலில சியாஃபு, படையெடுத்துப் போகும்போது பயந்து ஓடுற பூச்சிய அமுக்க இது பின்னாடியே வரும். அந்த எடம் தெரிஞ்சா ஓடிப்போயிடாதீங்க, கொஞ்சம் தள்ளி அசையாம நில்லுங்க, நீங்களா தேடினா கெடைக்காதது தானா வரும். பேன்ட்ட மட்டும் சாக்ஸுக்குள்ள சொருகிக்கோங்க, கடிச்சா புடிச்ச பிடி விடாது, உடம்பப் பிச்சாலும் தல தோல்லயே தொங்கும்.

படம் நல்லா வரணும்னு பாதைய விட்டு எறங்குறதுதான் எனக்கு ரொம்ப கடுப்பு. கூடு மரத்துல இல்ல, தரையில. காஞ்ச எல குவிச்சு மேல கூரை போட்டு பக்கவாட்டுல ஒரு வாசல், எட்டி நின்னு பாத்தா வெறும் சருகுக் குப்பதான். உள்ள ரெண்டு மூணு முட்ட இருக்கும்.