முற்றத்தில் பழகும் நொக்கவுட் குத்து

நந்திக்கடலில் வீச்சுவலை எறிகிறவரை ஒருக்கால் நின்று பாருங்கள். வலையைத் தோளில் போட்டு, இடுப்பை ஒரு பக்கம் திருகி வைத்திருப்பார். எறியும்போது முதலில் திரும்புவது இடுப்பு, பிறகு தோள், கடைசியில்தான் கை. வெறும் கையால் எறிந்தால் வலை விரியாமல் கட்டியாய் விழும். குத்துச்சண்டைக் குத்தும் அப்படித்தான். புயம் பெருத்த பெடியன் கையால் மட்டும் தள்ளிக் குத்தினால் தொங்கவிட்ட பயிற்சிப் பை ஊஞ்சல்போல ஆடும். மெலிந்தவன் காலையும் இடுப்பையும் சேர்த்துக் குத்தினால் பை அவ்வளவாக ஆடாது, நடுவில் மடங்கும். ஆளை எழும்பாமல் விழுத்துவது, அதாவது நொக்கவுட் ஆக்குவது, அந்தக் குத்துத்தான்.

வலக்கைக்காரருக்கான நேர்க்குத்தை எடுத்துக்கொள்வோம். இடக்கைக்காரர் பக்கத்தை மாற்றிக்கொள்ளுங்கள். இடது கால் முன்னுக்கு, வலது கால் பின்னுக்கு. பக்கவாட்டில் தோளகலம் இடைவெளி இருக்கட்டும். இரண்டு பாதமும் ஒரே கோட்டில் நின்றால் குத்தியவுடன் சரிவீர்கள். பின்குதிக்கால் நிலத்தைவிட்டு இரண்டு விரற்கடை உயரட்டும், முழங்கால்கள் இலேசாக மடிந்திருக்கட்டும்.

இனி வலது முன்பாதத்தால் நிலத்தைப் பின்னுக்குத் தள்ளுங்கள். தள்ளும்போதே குதிக்கால் வெளிப்பக்கம் திரும்ப வேண்டும். அதோடு முழங்கால் உள்ளே வரும், இடுப்பு சுழலும், இடுப்பு இழுக்கத் தோள் வரும், தோள் எறியக் கை போகும். இந்த வரிசை குழம்பினால் பலம் வழியிலேயே சிந்திவிடும். பழகுகிறவர்களில் பலர் கையை முதலில் விட்டுவிட்டு இடுப்பைப் பிறகு திருப்புவார்கள். அந்த இடுப்பு வந்து சேரும்போது குத்து முடிந்திருக்கும்.

முன்காலை யாரும் கவனிப்பதில்லை. ஓடுகிற சைக்கிளில் முன் பிறேக்கைச் சட்டென்று பிடித்தால் ஆள் முன்னுக்குப் பாய்வார் அல்லவா? குத்திலும் முன்கால்தான் பிறேக். பாரம் அதன்மேல் வரும் கணத்தில் அது இறுக வேண்டும், அப்போதுதான் மேலுடம்பு பாயும். முன்முழங்கால் இன்னும் மடிந்து இடம்கொடுத்தால், பின்கால் எவ்வளவு தள்ளினாலும் குத்தில் பாதிதான் மிஞ்சும்.

முட்டியைப் புறப்படும்போதே இறுக்காதீர்கள். இறுக்கினால் கையை நீட்டும் தசையும் மடக்கும் தசையும் ஒன்றையொன்று இழுத்து வேகத்தைக் குறைக்கும். பாலைக் குற்றியைக் கோடாலியால் பிளக்கிறவரின் பிடியும் ஓங்கும்போது தளர்ந்துதான் இருக்கும். கடைசி நாலு விரற்கடை தூரத்தில் முட்டியை இறுக்குங்கள். அந்த நேரம் மணிக்கட்டு, முழங்கை, தோள், வயிறு எல்லாம் ஒரே கட்டையாக வேண்டும். பையின் தோலுக்கு ஒரு முட்டியளவு உள்ளே குறிவையுங்கள், பட்டவுடன் கையை மீட்டு நாடிக்குக் கொண்டுவாருங்கள்.

இது சரியாக வருகிறதா என்று பார்க்கக் கமரா தேவையில்லை. காலையில் கூட்டிய முற்றத்தில், விளக்குமாற்றுக் கோடு அழியும் முன்னர், காற்றில் ஒரேயொரு குத்துக் குத்திவிட்டுப் பின்பாதம் நின்ற இடத்தைக் குனிந்து பாருங்கள். திருகிய வட்டக் குழி இருந்தால் இடுப்பு வேலை செய்திருக்கிறது. நீட்டுக்கு இழுபட்ட கோடு இருந்தால் கால் வழுக்கியிருக்கிறது. கோடு அழியாமலே இருந்தால் நீங்கள் குத்தியது கையால் மட்டும். செம்மண் தரை நல்லது. பொருபொருத்த மணலில் தள்ளும் பலத்தை மணலே தின்றுவிடும்.

பலம் மட்டும் ஆளை மயக்காது. தலை சட்டென்று திரும்பும்போது உள்ளேயிருக்கும் மூளை பிந்திச் சுழலும். நொக்கவுட் பெரும்பாலும் அந்தச் சுழற்சியால்தான். நாடி நுனி கழுத்து அச்சிலிருந்து தள்ளி இருப்பதால், அங்கே பக்கவாட்டில் படுகிற அடி தலையை இலகுவாகத் திருப்புகிறது. நெற்றியில் அதே அடி பட்டால் உங்கள் விரல்தான் முறியும். வருகிற குத்தைக் கண்டவர் கழுத்தை இறுக்கிக்கொள்வார், காணாதவருக்கு அந்த அவகாசம் இல்லை. 1952இல் குத்துச்சண்டை வீரர் ரொக்கி மார்சியானோ 13ஆவது றவுண்டில் ஜோ வோல்கொட்டை விழுத்தியது ஒரு குறுகிய வலக்கைக் குத்தால். 1994இல் 45 வயது ஜோர்ஜ் ஃபோர்மன், புள்ளிகளில் பின்தங்கியிருந்தபடியே, 10ஆவது றவுண்டில் மைக்கல் மூரரை விழுத்தியதும் குறுகிய வலக்கையால்தான். ஓங்கி வீசுகிற கையை எதிராளி தூரத்திலேயே கண்டுவிடுவார். முன்கையால் சட்டென்று விடும் நேர்க்குத்தான இடது ஜாப்பைக் கண்மட்டத்தில் காட்டிவிட்டு, அதன் நிழலிலேயே வலதை அனுப்புங்கள். அவர் முன்னுக்கு அடிவைக்கும் நேரத்தில் பட்டால் இரண்டு வேகமும் சேர்ந்து கணக்காகும்.

ஈரல் குத்து வேறு சாதி. வலது விலாவின் கீழ் ஓரத்தில் இடது ஹூக், அதாவது பக்கவாட்டில் வளைத்துவிடும் குத்து, பட்டால், ஆள் முழு நினைவோடுதான் இருப்பார், ஆனால் உடம்பு எழும்பாது. 2004இல் பெர்னார்ட் ஹொப்கின்ஸ் 9ஆவது றவுண்டில் ஒஸ்கார் டி லா ஹோயாவை முடித்தது அதனால்தான்.

பைக்கு வருவோம். உரப்பைக்குள் மணலை நிரப்பிக் கட்டுகிற வழக்கத்தை விடுங்கள். 35 சென்ரிமீற்றர் குறுக்களவும் ஒரு மீற்றர் நீளமும் உள்ள பைக்குள் ஏறத்தாழ 96 லீற்றர் அடங்கும். அவ்வளவும் மணலென்றால் 140 கிலோவைத் தாண்டும். மணல் அடியில் இறங்கிக் கல்லாகிவிடும், மணிக்கட்டுப் போய்விடும். உமி மட்டும் போட்டால் அமுங்கிப் பை தொய்யும். பழைய துணியைச் சிறு துண்டாகக் கிழித்து இறுக்கி அடையுங்கள். பாரம் போதாவிட்டால் ஒரு கிலோ மணல் பொட்டலங்களைத் துணியில் சுற்றிப் பையின் நடு அச்சில் மட்டும் வையுங்கள். உங்கள் நிறையில் பாதியளவு போதும். வேம்பு, புளி எதிலும் கட்டலாம், முருங்கைக் கொப்பில் மட்டும் வேண்டாம்.

பலப் பயிற்சி கிழமைக்கு மூன்று நாள், உடம்பு களைக்கும் முன்னர், வெயில் ஏறும் முன்னர். 10 நிமிடம் கயிறடித்துச் சூடாகிவிட்டு, ஐந்து முழுக் குத்து, பிறகு 90 செக்கன் ஓய்வு. இப்படி ஐந்து தடவை. இளைப்போடு குத்துவது மூச்சுப் பயிற்சி, அதைக் கடைசியில் வையுங்கள். பழைய உதைபந்தைக் கிழித்து அரைவாசிக்கு மணல் போட்டுத் தைத்தால் ஏறத்தாழ 4 கிலோ வரும். சுவருக்குப் பக்கவாட்டாக நின்று, இடுப்பால் எறியுங்கள்: பக்கத்துக்கு ஆறு, நாலு தடவை. டம்பல் பிடித்து, காற்றில் குத்தும் நிழற்குத்துப் பழகுவதில் எங்களுக்கு நம்பிக்கையில்லை. அந்தப் பாரம் இழுப்பது கீழ்நோக்கி, குத்துப் போவது முன்நோக்கி. வலிப்பது தோள் மட்டும்தான்.

முழுப்பலம் பைக்கு மட்டுமே. ஜோடிப் பயிற்சியில் பாதிக்குக் கீழே வையுங்கள். தலையில் அடிபட்டவருக்குத் தலையிடி, வாந்தி, கண் மங்கல் ஏதும் வந்தால் அன்றோடு நிறுத்தி ஆசுப்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.

கையில் சுற்ற ஒரு கைக்கு நாலரை மீற்றர் துணி வேண்டும். ஐந்து சென்ரிமீற்றர் அகலத்தில் கிழித்த பழைய சாரமும் உதவும். மணிக்கட்டில் மூன்று சுற்று, முட்டியில் மூன்று சுற்று, மிச்சம் விரலிடைகளுக்கு. பயிற்சி முடிந்து சுற்றைக் கழற்றியதும் முட்டியைப் பாருங்கள். சுட்டுவிரல், நடுவிரல் மொழிகள் சிவந்திருந்தால் சரி. சின்னவிரல் பக்கம் சிவந்திருந்தால் மணிக்கட்டு சரிந்திருக்கிறது. அப்படியே தொடர்ந்தால் முதலில் முறிவது சின்னவிரலுக்குப் பின்னாலுள்ள புறங்கை எலும்பு. அடுத்த நாள் பையைப் பாதிப் பலத்தில் மட்டும் குத்தி, மொழிகள் இரண்டும் முதலில் படும்வரை மணிக்கட்டைத் திருத்துங்கள்.