கல்லணையிலிருந்து பூம்புகார் வரை: சைக்கிளும் கூடாரமுமாகத் தனியே நான்கு நாள்

கல்லணையில் தண்ணீர் நான்காகப் பிரிகிறது: காவிரி, வெண்ணாறு, புது ஆறு, கொள்ளிடம். இதில் காவிரியை மட்டும் பிடித்துக்கொண்டு கிழக்கே போனால் சுமார் 125 கிலோமீட்டரில் பூம்புகார், அங்கே கடல். வழியில் மேடு என்று சொன்னால் ஆற்றுப் பாலங்களின் ஏற்றம் மட்டும்தான். முதன்முதலாகச் சைக்கிளில் நெடுந்தூரம் போக நினைப்பவர்களுக்கு இதைவிட நல்ல பாதை எனக்குத் தெரிந்து தமிழ்நாட்டில் இல்லை. நான் மூன்று முறை போய்வந்திருக்கிறேன். கிளம்புவதற்கு முன் யாராவது சொல்லியிருக்கலாமே என்று நினைத்ததையெல்லாம் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

1. மாதத்தை முடிவு செய்யுங்கள்

தை பிற்பகுதியும் மாசியும்தான் நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகையில் போகவே வேண்டாம். வடகிழக்குப் பருவமழையும் புயலும் வரும் மாதங்கள் அவை. வயலும் சாலையும் ஒன்றாகக் கிடக்கும். சித்திரை, வைகாசி வெயிலில் ஆறும் காய்ந்திருக்கும், ஆளும் காய்ந்துபோவோம். மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவார்கள். ஆகவே தை நடுவில் போனால் ஆற்றில் தண்ணீரையும் பார்க்கலாம், சம்பா அறுவடையையும் பார்க்கலாம்.

ஒரு சிரமம் உண்டு. தையில் காற்று வடகிழக்கிலிருந்து வரும், நீங்கள் போவதோ கிழக்கே. வெயில் ஏற ஏற எதிர்க்காற்றும் வலுக்கும். அதனால் காலை ஆறு மணிக்கு மிதிக்கத் தொடங்கிப் பத்து, பத்தரைக்குள் அன்றைய தூரத்தை முடித்துவிடுங்கள். காற்று முதுகைத் தள்ள வேண்டும் என்று ஆசைப்பட்டால் ஆடியில் போகலாம். பதினெட்டாம் பெருக்கில் படித்துறைகள் பார்க்கக் கண் போதாது. ஆனால் புழுக்கத்தில் கூடாரத்துக்குள் தூங்க முடியாது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

2. சைக்கிள்

கியர் வண்டி வேண்டியதில்லை. கடைக்குப் போய்வர வைத்திருக்கும் சாதாரண வண்டியே போதும். கேரியர் உறுதியாக இருக்க வேண்டும், பிரேக் கட்டை புதிதாக இருக்க வேண்டும். சீட்டு உயரத்தைச் சரிபாருங்கள்: பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் லேசாக மடிந்திருந்தால் சரி. இதைக் கவனிக்காமல் போனால் இரண்டாம் நாளே முட்டி வலிக்கும்.

ஆற்றங்கரைப் பாதைகளில் சீமைக் கருவேல முள் கிடக்கும். இரண்டு டியூப், ஒட்டுப் போடும் சாமான், கைப்பம்பு மூன்றும் கட்டாயம். போவதற்கு முன் வீட்டிலேயே சக்கரத்தைக் கழற்றி ஒட்டுப் போட்டுப் பழகிக்கொள்ளுங்கள். அப்புறம், மூட்டை கட்டிய வண்டியை ஒரு நாள் இருபது கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். கனம் ஏறிய வண்டி திருப்பத்தில் வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

3. மூட்டை

மொத்தம் பத்து கிலோவைத் தாண்டக் கூடாது. ஒரு ஆள் கூடாரம், பாய், கனமான போர்வை, இரண்டு செட் துணி, டார்ச், கொசுவத்தி, ஆதார் நகல், மூன்று லிட்டர் தண்ணீர். கூடாரம் வாங்கும்போது ஒன்றைப் பாருங்கள்: தரையில் ஆணி அடிக்காமல் தானே நிற்கிற வகையாக இருக்க வேண்டும். டெல்டாவில் படுக்கக் கிடைக்கும் நல்ல இடமெல்லாம் சிமென்ட் களம், பள்ளித் தாழ்வாரம், கோயில் மண்டபம். அங்கே ஆணி இறங்காது.

அடுப்பு எடுத்துப் போகாதீர்கள். அறுவடைக் காலத்தில் திரும்பின பக்கமெல்லாம் வைக்கோல். ஒரு பொறி போதும், ஒரு குடும்பத்தின் மாட்டுத் தீவனம் போய்விடும். சாப்பாட்டுக்குக் கவலையே இல்லை, அஞ்சு கிலோமீட்டருக்கு ஒரு டீக்கடையாவது இருக்கும்.

4. எங்கே படுப்பது

பயணத்தின் உயிரே இதுதான். காடு, மலைப் பக்கம் போல ஆளில்லாத இடம் பார்த்துக் கூடாரம் போடலாம் என்று நினைக்காதீர்கள். இங்கே ஆளில்லாத இடம் கிடையாது. வெறும் தரையாகத் தெரியும் அறுத்த வயலில்கூடக் குனிந்து பார்த்தால் தாளுக்கு நடுவே உளுந்து முளைவிட்டிருக்கும். அறுப்புக்கு முன்பே ஈரத்தில் தெளித்துவிடுவார்கள். அதன்மேல் கூடாரம் போட்டால் ஒருவருடைய விளைச்சலை மிதிக்கிறோம்.

முதல் பயணத்தில் நான் யாரிடமும் கேட்கவில்லை. காவிரியின் கிளையான குடமுருட்டி ஆற்றின் கரையில் ஒரு படித்துறைக்குப் பக்கத்தில், இருட்டியபின் கூடாரம் போட்டுப் படுத்துவிட்டேன். பத்து மணி இருக்கும், நாலைந்து டார்ச் வெளிச்சம் கூடாரத்தின் மேல் விழுந்தது.

"யார்றா அது உள்ள? வெளிய வா!"

வெளியே வந்து கைகூப்பி, "ஐயா, நான் சைக்கிள்ல பூம்புகார் வரைக்கும் போறேங்க," என்றேன். முந்தின வாரம் அந்த ஊரில் யாரோ பம்புசெட் ஒயரை அறுத்துப் போயிருக்கிறார்கள். அந்தக் கோபத்தில் வந்தவர்கள். பெரியவர் ஒருவர் சைக்கிளையும் மூட்டையையும் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஊருக்குள்ள வந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தா திண்ணையில படுத்திருக்கலாமே தம்பி. இங்க பாம்பு கெடக்கு." அன்றிரவு அவர் வீட்டுத் திண்ணையில்தான் தூங்கினேன். காலையில் அந்த வீட்டு அம்மா இட்லி கொடுத்துத்தான் அனுப்பினார்கள்.

அதிலிருந்து நான் கடைப்பிடிக்கும் முறை இது. நாலரை மணிக்கு, வெளிச்சம் இருக்கும்போதே ஊரில் நுழையுங்கள். டீக்கடையில் ஒரு டீ குடியுங்கள். எங்கிருந்து வருகிறீர்கள், எங்கே போகிறீர்கள் என்று கேட்பார்கள், முழுதாகச் சொல்லுங்கள். பிறகு, "ராத்திரி மட்டும் கூடாரம் போட்டுப் படுக்கணும், எங்கே படுத்தா யாருக்கும் தொந்தரவு இருக்காது?" என்று கேளுங்கள். கோயில் அர்ச்சகரோ, தர்மகர்த்தாவோ, களத்துக்குக் காவல் இருப்பவரோ, யாரைப் பார்க்க வேண்டும் என்று அவர்களே சொல்வார்கள். பெண்கள் தனியாகப் போனால் பெண்கள் இருக்கும் வீடாகப் பார்த்துக் கொல்லையிலோ முற்றத்திலோ இடம் கேட்பது நல்லது.

ஆற்று மணலில் மட்டும் படுக்கவே படுக்காதீர்கள். மேலே மதகைத் தூக்கினால் ராத்திரியில் தண்ணீர் வந்துவிடும். தென்னை மரத்தடியும் வேண்டாம். அறுவடை சமயத்தில் எலி அதிகம், எலி இருக்குமிடத்தில் பாம்பு வரும். கட்டுவிரியன் ராத்திரியில் படுக்கைக்கே வரக்கூடியது, ஆகவே ஜிப்பை எப்போதும் மூடியே வையுங்கள், செருப்பை உதறிப் போடுங்கள். கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

5. நான்கு நாள் பாதை

முதல் நாள் கல்லணையிலிருந்து திருக்காட்டுப்பள்ளி வழியாகத் திருவையாறு, ஏறக்குறைய 30 கிலோமீட்டர். உடம்பு பழகுவதற்கு இது போதும். மாலையில் தியாகராஜர் சமாதிக்குப் பக்கத்தில் ஆற்றங்கரையில் உட்காருங்கள்.

இரண்டாம் நாள்தான் எனக்குப் பிடித்தது. கும்பகோணம் போகத் தஞ்சாவூர் நெடுஞ்சாலையைப் பிடிக்காமல், திருப்பழனம், கணபதி அக்ரஹாரம், கபிஸ்தலம், சுவாமிமலை என்று காவிரியை ஒட்டியே போங்கள். கிட்டத்தட்ட 35 கிலோமீட்டர். இந்தப் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால்கள் உண்டு. கும்பகோணம் வெற்றிலைக்கு 2025-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தூரத்திலிருந்து பார்த்தால் கொடிக்கால் அகத்தித் தோப்பு போலத்தான் தெரியும். நான் ஒருவரிடம் கேட்டு உள்ளே போனேன். செருப்பைக் கரையிலேயே கழற்றச் சொன்னார். உள்ளே நீளநீளமான மேட்டுப்பாத்தி, நடுவே வாய்க்கால், பாத்தியில் நெருக்கமாக அகத்தி. ஒவ்வொரு அகத்தியிலும் கொடியை ஏற்றிக் கோரையால் கட்டியிருந்தார்கள். கட்டு இறுகினால் கொடி நசுங்கும், தளர்ந்தால் சரியும் என்று சொல்லி, ஒரு முடிச்சைப் போட்டுக் காட்டினார். வெளியே வெயில் கொளுத்தியபோதும் அங்கே மண்பானைக்குப் பக்கத்தில் நிற்பது போலக் குளுமை. பறித்த இலையை நூறு நூறாக அடுக்கினால் ஒரு கவுளி. கையில் ஒரு கொழுந்து கொடுத்தார், மெல்லக் காரம் ஏறியது.

சுவாமிமலையில் சிலை வார்க்கும் பட்டறைகளில் மெழுகு உருவத்தின் மேல் காவிரி வண்டலைத்தான் பூசுகிறார்கள். அனுமதி கேட்டால் பார்க்க விடுவார்கள். கும்பகோணத்தில் இட்லிக்குக் கடப்பா என்கிற பாசிப்பருப்புக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு அன்று லாட்ஜில் தங்கிக் குளித்து, துணி துவைத்து, போனுக்குச் சார்ஜ் ஏற்றிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் திருவிடைமருதூர், ஆடுதுறை, குத்தாலம், மயிலாடுதுறை. இதுவும் சுமார் 35 கிலோமீட்டர். பேருந்துகள் வேகமாக வரும் சாலை, கண்ணாடி பொருத்தியிருந்தால் நல்லது. அறுவடைக் காலத்தில் சாலையின் பாதியில் நெல் காயப் போட்டிருப்பார்கள். அதன்மேல் ஏற்றாதீர்கள், சக்கரமும் வழுக்கும். எதிரே வண்டி வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டே போங்கள். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள் என்பதால்தான் இவ்வளவு பாடுபட்டுக் காய வைக்கிறார்கள்.

நான்காம் நாள் பூம்புகாருக்கு 25 கிலோமீட்டர்தான். கல்லணையில் அவ்வளவு அகலமாகப் பார்த்த காவிரி இங்கே ஒரு வாய்க்கால் அளவுக்கு வந்து கடலில் சேர்கிறது. வழியெல்லாம் வயலுக்குக் கொடுத்துவிட்டு வந்த ஆறு.

திரும்ப மயிலாடுதுறைக்கு மிதித்து வந்து ரயில் ஏறலாம். சைக்கிளை ஏற்றுவது பற்றிப் பார்சல் அலுவலகத்தில் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள். பூம்புகாரிலிருந்து கிளம்பும் முன் நல்ல தண்ணீரில் வண்டியைக் கழுவித் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விடுங்கள். கடல் உப்பு பட்ட செயின் இரண்டே நாளில் துரு ஏறிவிடும்.