கண் மஞ்சளாக இருக்கிறதா? கீழாநெல்லிக்கு முன்னால் ரிப்போர்ட்டைப் பாருங்கள்

காய்ச்சலோடு கண் மஞ்சளானால் நம் ஊரில் முதல் வேலை கீழாநெல்லி அரைப்பதுதான், அப்புறம் மோரும் பத்தியமுமாக ஒரு வாரம் ஓடிவிடும். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர், சேறு வழியாகத் தொற்றும் எலிக்காய்ச்சலாக (லெப்டோஸ்பைரோசிஸ்) இருந்தால் அந்த ஒரு வாரத்தில் கிட்னி போய்விடலாம்.

முதலில் நாட்களை எண்ணுங்கள். சேற்று வயலிலோ தேங்கிய மழைத்தண்ணீரிலோ கால் புண்ணோடு இறங்கியிருந்தால், பெரும்பாலும் 5 முதல் 14 நாளில் காய்ச்சல் வரும், சிலருக்கு ஒரு மாதம்கூட ஆகும். கெண்டைக்காலைத் தொட்டாலே வலிக்கிறது, பீளை இல்லாமல் கண் சிவந்திருக்கிறது என்றால், டாக்டர் கேட்காவிட்டாலும் தண்ணீரில் இறங்கியதை நீங்களே சொல்லிவிடுங்கள்.

அடுத்து லிவர் டெஸ்ட். பிலிருபினையும் (கண்ணை மஞ்சளாக்கும் பித்த நிறமி) எஸ்ஜிபிடியையும் (ஈரல் செல் சேதமானால் ரத்தத்தில் ஏறும் என்சைம்) சேர்த்துப் பார்க்க வேண்டும். வைரஸ் காமாலை முற்றினால் எஸ்ஜிபிடி பெரும்பாலும் ஆயிரத்தைத் தாண்டும். தீவிர எலிக்காய்ச்சலில் பிலிருபின் 20, 30 என்றுகூட ஏறலாம், எஸ்ஜிபிடி மட்டும் 200-ஐத் தாண்டுவதே அபூர்வம். ஈரல் செல்கள் கூட்டமாகச் சாவதில்லை, ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் பிடிப்பைக் கிருமி தளர்த்திவிடுகிறது, அந்த இடுக்கு வழியே பித்தம் ரத்தத்தில் கசிகிறது, அவ்வளவுதான். கூடவே கிட்னியின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ஏறி, ரத்தத்தை உறையவைக்கும் தட்டணு (பிளேட்லெட்) குறைந்திருந்தால் சந்தேகம் பலமாகும்.

குழப்பம் வருவது ஸ்கேனில்தான். வலது விலாவுக்குக் கீழே வலி என்று ஸ்கேன் எடுத்தால், கல்லே இல்லாமல் பித்தப்பைச் சுவர் தடித்திருக்கும். அரிதுதான், ஆனால் வரும். உடனே ஆபரேஷன் என்று பயப்பட வேண்டாம், பலருக்கு ஆன்டிபயாடிக்கிலேயே அடங்கிவிடும். "பித்தக்குழாய் விரிந்திருக்கிறதா?" என்று மட்டும் கேளுங்கள். விரிந்திருந்தால் கல்லோ வேறு அடைப்போ இருக்கிறதா என்று தேட வேண்டும். மேல் வயிற்று வலி முதுகுக்குப் பாய்ந்தால் கணையமும் வீங்கியிருக்கலாம், அதையும் சொல்லுங்கள்.

எலிக்காய்ச்சலுக்கான எதிர்ப்புப் பொருளை ரத்தத்தில் தேடும் ஐஜிஎம் டெஸ்ட் முதல் வாரத்தில் நெகட்டிவாகவே வரலாம், அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. தீவிர நோய்க்குப் பெனிசிலின் அல்லது செஃப்ட்ரியாக்சோன் ஊசி, வழக்கமாக 7 நாள். வலிக்கு டைக்லோஃபினாக் வேண்டவே வேண்டாம், கிட்னிக்கு ஆகாது. சிறுநீரை ஒரு பாட்டிலில் பிடித்து அளந்து எழுதிவையுங்கள். அது குறைந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, இருமலில் ரத்தம் வந்தாலோ ராத்திரி என்று பார்க்காமல் ஐசியு இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இந்த நோயில் உயிரை எடுப்பது பெரும்பாலும் கிட்னியும் நுரையீரலும்தான், ஈரல் இல்லை.

காய்ச்சல் விட்ட பிறகும் மஞ்சள் இறங்க வாரக்கணக்கில் ஆகும். சிறுநீர் நன்றாகப் போய், பசியும் எடுத்தால் பிலிருபின் எண்ணைத் தினமும் பார்த்துப் பதற வேண்டாம்.